உப்புவெளியில நடந்த ஆட்கடத்தல் ஆய்வு கோர்ஸ்: 3500 ரூபாய்க்குப் பெறுமதியா?

அவசரமா இருக்கிற ஆக்களுக்கு முதல்லயே சொல்லிடுறன். போகலாம், அதுவும் ரெண்டாவது நாளுக்காகவே போகலாம். முதல் நாள் காலமை செஷனை வீட்டில நித்திரையில விட்டாலும் பெரிய நட்டமில்ல. நேரம் இருக்கிற ஆக்கள் மிச்சத்தையும் வாசியுங்க, கொஞ்சம் நீட்டு.

இது என்ன கோர்ஸ் எண்டா, ஆட்கடத்தலையும் அதோட ஒட்டிக்கிடக்கிற களவான பாலியல் சந்தையையும் குற்றவியல் ஆராய்ச்சி செய்யுற ஆக்கள் எப்பிடிப் பாக்கிறாங்க, எப்பிடிக் கணக்கெடுக்கிறாங்க, அந்தக் கணக்கு எங்க பிழைக்குது எண்டு நம்மளப் போல சாதாரண ஆக்களுக்குச் சொல்லிக்குடுக்கிற சனி ஞாயிறு வகுப்பு. நடத்தினது ஒரு பிரைவேட் இன்ஸ்டிடியூட். கொஞ்சம் குறையும் சொல்லப்போறதால பேர் போடல்ல. திருகோணமலை உப்புவெளியில ஒரு ஹோட்டல் ஹோல். பகல் சோறு, ரெண்டு நேரம் டீ, ஒரு ஃபைல், கடைசியில சேர்ட்டிபிகேட், எல்லாத்துக்கும் சேத்து 3500. படிப்பிச்சது மூண்டு பேர், கொழும்பில இருந்து வந்த ஒரு குற்றவியல் சேர், மட்டக்களப்புப் பக்கத்து ஆய்வாளர் மிஸ் ஒராள், பிறகு ஒரு ரிட்டயர்ட் பொலிஸ்காரர்.

நான் ஏன் இதுக்குப் போனன் எண்டா, நான் பஸ் ஸ்டாண்ட் கிட்ட கொமினிகேஷன் வச்சிருக்கன். ஃபோட்டோகொப்பி, பாஸ்போர்ட் ஃபோட்டோ, ஒன்லைன் ஃபோர்ம் நிரப்பிறது, டிக்கெட் பிரிண்ட் எடுத்துக் குடுக்கிறது, இதுதான் தொழில். மூதூர், தோப்பூர், கிண்ணியா, ஈச்சிலம்பற்றுப் பக்கமிருந்து பொம்பிளப் பிள்ளையள் வருவாங்க, ஃபோனை நீட்டி "அண்ணா இதை ஒருக்கா பிரிண்ட் எடுத்துத் தாங்க" எண்டுவாங்க, திறந்து பாத்தா விசாவில விசிட் எண்டு கிடக்கும். எங்க போறீங்க எண்டு கேட்டா வீட்டு வேலைக்கு எண்டு பதில் வரும். விசிட் விசாவில எப்பிடி வேலை செய்யுற எண்டு அடுத்த கேள்வி கேட்டா பிள்ளை வாய் திறக்காது, பக்கத்தில நிக்கிற ஆள்தான் "அதெல்லாம் அங்க போய் மாத்தலாம் தம்பி" எண்டு சிரிச்சிக்கொண்டு சொல்லுவார். பாஸ்போர்ட்டும் அவரிட கையிலதான் இருக்கும், பிரிண்டுக்குக் காசு குடுக்கிறதும் அவர்தான். இதை வருஷக்கணக்கா பாத்துக்கொண்டு இருக்கிற எனக்கு இதுக்குப் பின்னால ஆராய்ச்சி எண்டு ஒண்டு இருக்கா, அவங்க என்ன சொல்லுறாங்க எண்டு தெரிய ஆசை. அவ்வளவுதான்.

இனி முதல் நாள் காலமை. ஒரு வீடியோ போட்டாங்க. இருட்டு அறை, கையில சங்கிலி, அழுகிற பிள்ளை, சோக மியூசிக். எல்லாரும் பாத்த வீடியோதான், எந்த நாட்டில எடுத்தது எண்டும் தெரியா. என்ட கடைக்கு வாறவங்க ஒருத்தரும் சங்கிலியோட வாறல்ல, புது சல்வார் போட்டு, கைக்கு மருதாணி வச்சு, சிரிச்சிக்கொண்டுதான் வாறாங்க. சங்கிலியத் தேடச் சொல்லிப் பழக்கினா முன்னால நிக்கிற ஆள் கண்ணுக்குத் தெரியாது. நல்ல காலம், பிறகு மட்டக்களப்பு மிஸ் வந்து முதல் வேலையா அந்த வீடியோவையே கழுவி ஊத்தினா, அதுக்காகத்தான் அதைப் போட்டாங்களோ எண்டு கூட யோசிச்சன், ஆனா இல்ல, போட்டவங்க முகம் சுண்டிப் போச்சு.

சட்டப் பகுதி பரவாயில்ல. ஆட்கடத்தலுக்கு எதிரா ஐநா 2000ஆம் ஆண்டு கொண்டு வந்த பலேர்மோ உடன்படிக்கை, இலங்கை அதுக்கு அப்பவே கையெழுத்துப் போட்டாலும் உறுதிப்படுத்தினது 2015இலதான். ஆனா நம்மட தண்டனைச் சட்டக்கோவையில 360சி எண்ட பிரிவு 2006லயே புதுசா திருத்தி வந்திட்டுது, ரெண்டு வருஷத்தில இருந்து இருபது வருஷம் மட்டும் சிறை. இதில விளங்க வேண்டியது மூண்டு துண்டு. ஆளை என்ன செய்தாங்க, அதாவது சேத்தாங்களா, ஏத்தினாங்களா, ஒளிச்சு வச்சாங்களா. எப்பிடிச் செய்தாங்க, அதாவது வெருட்டியா, பொய் சொல்லியா, ஆசை காட்டியா, இல்லாட்டி அவங்கட கஷ்டத்தைப் பாவிச்சா. எதுக்காகச் செய்தாங்க, உடம்பை விக்கவா, அடிமை வேலைக்கா, உறுப்பு எடுக்கவா. மூண்டும் சேரோணும். சின்னப் பிள்ளையள் எண்டா நடுத் துண்டு தேவையில்ல, பிள்ளை ஓம் எண்டு சொன்னாலும் குற்றம் குற்றம்தான்.

இதில கிண்ணியாப் பக்கத்து ஒரு ராத்தா எழும்பிக் கேட்டா பாருங்க ஒரு கேள்வி. "அந்தப் பிள்ள தானாத்தான் போறன் எண்டு நிண்டது, உம்மாட சொல்லும் கேக்கல்ல, கையெழுத்தும் தானே வச்சது, பிறகென்ன கடத்தல்?" ஹோல் முழுக்க அமைதி. கொழும்பு சேர் சிங்களமும் இங்கிலீசும் கலந்து ஏதோ சொல்லத் தொடங்க, மிஸ் குறுக்கிட்டு தமிழிலயே கேட்டா, "அந்தப் பிள்ள எதுக்கு ஓம் எண்டது ராத்தா? என்ன வேலை, எவ்வளவு சம்பளம், எந்த வீடு எண்டு சொல்லித்தான் ஓம் வாங்கினவங்களா?" எண்டு. ராத்தா கொஞ்ச நேரம் யோசிச்சிட்டு, "தையல் ஃபெக்டரி எண்டுதான் சொன்னவங்க" எண்டா. அதுக்கு மேல விளக்கமே தேவைப்படல்ல, பொய் சொல்லி வாங்கின ஓம் சட்டத்தில ஓம் இல்ல. மூண்டு துண்டையும் ஸ்லைட்டில போட்டு அரை மணித்தியாலம் கதைச்சதை விட இந்தக் கதைதான் மண்டையில ஏறினது.

படகுக் கதையும் வந்திச்சு, திருகோணமலையில வைக்கிற கூட்டத்தில அது வராம இருக்குமா. நம்மட கரையில இருந்து அவுஸ்திரேலியா எண்டு வெளிக்கிட்டு 2022இல நேவியிட்ட பிடிபட்ட ஆக்கள், அதே வருஷம் நவம்பரில 303 பேரோட கடலில தத்தளிச்சு கடைசியில வியட்நாமில இறக்கப்பட்ட கப்பல். இதுகள் அநேகமா எல்லை தாண்ட உதவி செய்து காசு வாங்கிற தொழில், அங்க போய்ச் சேந்தா உறவு முடிஞ்சிது. கடத்தல்காரனுக்கு ஆள் போய்ச் சேந்த பிறகுதான் வியாபாரமே தொடங்குது. ஆனா ரெண்டையும் கோடு போட்டுப் பிரிக்க ஏலாது எண்டும் மிஸ் சொன்னா, படகுக்குக் கட்டக் காசு இல்லாம கடனில ஏறின ஆள் போன இடத்தில அந்தக் கடனுக்காகவே மாட்டுப்படுற கேஸ் நிறைய.

பொலிஸ்காரரின்ட செஷனுக்கு நான் அஞ்சில ஒண்டரைதான் குடுப்பன். மனிசன் நல்லவர், பகிடியாக் கதைப்பார், ஆனா மணிக்கணக்கா ரெய்டு கதை. ஸ்பாவில எப்பிடிப் புகுந்தது, எத்தினை பொம்பிளைகளைப் பிடிச்சது, இதே பல்லவி. இங்க பாவிக்கிற சட்டங்கள் ரெண்டும் வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம், அலைஞ்சு திரியிற ஆக்களுக்கு எண்டு 1841இல கொண்டு வந்தது ஒண்டு, விபச்சார விடுதிக்கு எண்டு 1889இல வந்தது மற்றது. உடம்பை விக்கிறதை நேரடியாக் குற்றம் எண்டு ரெண்டிலயும் எழுதேல்ல, ஆனா பிடிபடுறது எண்டா ரோட்டில நிக்கிற பொம்பிளைதான். கிளாசில இருந்த ஒரு லோ படிக்கிற பிள்ளை கேட்டிச்சு, "சேர், ரெய்டில பிடிச்ச பிறகு இதில ஆரு கடத்திக் கொண்டுவரப்பட்டது எண்டு எப்பிடிக் கண்டுபிடிச்சனீங்க?" எண்டு. "கேட்டா சொல்லுவாங்கதானே" எண்டார் மனிசன். மிஸ்ஸிட முகத்தைப் பாக்கோணும் நீங்க. பிறகு அவ சொன்னது, இதுதான் ஆராய்ச்சிக்காரர் திரும்பத் திரும்பச் சொல்லுற விஷயமாம், கைது பண்ணின யூனிபோர்ம்காரனிட்ட, குடும்பத்துக்குத் தெரிஞ்சிடுமோ எண்ட பயத்தோட நிக்கிற பொம்பிளை "என்னை ஏமாத்திக் கொண்டந்தாங்க" எண்டு வாய் திறக்கமாட்டா. அதால பொலிஸ் கணக்கில குற்றவாளி கூடும், பாதிக்கப்பட்டவ குறையும். அந்தக் கணக்கை வச்சு எங்கட நாட்டில பிரச்சின சின்னன் எண்டு முடிவெடுத்தா அது கணக்கிட குறை, நாட்டிட பெருமை இல்ல.

ரெண்டாம் நாள். இதுக்குத்தான் காசு.

காலமை முழுக்க நம்பர். கேக்க சலிப்பா இருக்கும், ஆனா இதுதான் நான் இருந்த கிளாசுகளிலயே நல்ல கிளாஸ். கொழும்பு சேர் முதல் நாள் மந்தமா இருந்தார், ரெண்டாம் நாள் அவரிட சப்ஜெக்ட் வந்ததும் மனிசன் வேற ஆள். ஜெர்மனியில 2006இல உலகக் கிண்ண ஃபுட்போல் நடக்கேக்க 40,000 பொம்பிளைகளைக் கடத்திக்கொண்டு வரப்போறாங்க எண்டு உலகம் முழுக்க பத்திரிகை எழுதிச்சாம். மேட்ச் முடிஞ்சு ஜெர்மன்காரர் விசாரிச்சுப் பாத்தா கிண்ணத்தோட சம்பந்தம் எண்டு சொல்லக்கூடியதா இருந்தது வெறும் 5 கேஸ். அந்த 40,000ஐ ஆரு எண்ணினது எண்டு தேடிப் போனா ஒரு ஆளும் எண்ணல்ல. அதே வருஷம் அமெரிக்காவில அரசாங்கக் கணக்காய்வு அலுவலகம் ஒரு ரிப்போர்ட் விட்டிருக்கு. வருஷம் 6 லட்சத்தில இருந்து 8 லட்சம் பேர் எல்லை தாண்டிக் கடத்தப்படுறாங்க எண்டு அமெரிக்க அரசாங்கம் சொல்லிக்கொண்டு திரிஞ்ச கணக்கைத் தோண்டிப் பாத்தா அதைத் தயாரிச்சது ஒரே ஒரு ஆள், அவரும் எப்பிடிப் போட்டன் எண்டு முழுசா எழுதி வைக்கல்ல. ஹோலில எல்லாரும் சிரிச்சாங்க. எனக்கு சிரிப்பு வரல்ல, அந்த நம்பரை நம்பி எத்தினை கோடி காசு எங்க எங்க போயிருக்கும்.

பிறகு சர்வதேச தொழில் ஸ்தாபனத்திட நம்பர், உலகம் முழுக்க கட்டாயத்தில மாட்டிக்கிடக்கிற ஆக்கள் எத்தினை பேர் எண்டு. 2012இல 2 கோடி 9 லட்சம். 2017இல வந்த ரிப்போர்ட்டில 4 கோடி 3 லட்சம். 2022இல 4 கோடி 96 லட்சம். வரிசையாப் பாத்தா பத்து வருஷத்தில ரெண்டு மடங்குக்கு மேல கூடிட்டு எண்டுதானே விளங்கும், பேப்பரிலயும் அப்பிடித்தான் போடுவாங்க. ஆனா முதல் கணக்கில கட்டாயக் கலியாணம் சேரல்ல, ரெண்டாவதில இருந்துதான் சேத்தாங்க, எண்ணுற முறையும் மாறிப்போச்சு. 2022 கணக்கில கட்டாய வேலை 2 கோடி 76 லட்சம், கட்டாயக் கலியாணம் 2 கோடி 20 லட்சம், கட்டாயப் பாலியல் தொழில் எண்டது அந்த முதல் தொகைக்குள்ள 63 லட்சம். அப்ப ஆட்கடத்தல் எண்டாலே பாலியல் தொழில்தான் எண்டு நாங்க நினைக்கிறது சரியில்ல, வயலிலயும் கட்டடத்திலயும் மீன்பிடிக் கப்பலிலயும் வீட்டுக் குசினியிலயும் மாட்டிக்கிடக்கிற ஆக்கள்தான் கூட. ஆனா காசு எங்க எண்டு பாத்தா கதை தலைகீழ். 2024இல வந்த லாபக் கணக்கில, கட்டாய வேலையால வருஷத்துக்கு 23,600 கோடி டொலர் லாபமாம், அதில 73 வீதம் பாலியல் சுரண்டலில இருந்து, தனியார் கையில மாட்டுப்பட்ட ஆக்களில அவங்க 27 வீதம்தான் எண்டாலும். இதைக் கேட்டதும் பின் வரிசையில இருந்த பேங்க் பொடியன் கல்குலேட்டரை எடுத்திட்டான்.

ஒளிஞ்சு கிடக்கிற ஆக்களை எண்ணுறது எப்பிடி எண்ட பகுதிதான் எனக்கு ஆகப் பிடிச்சது. வீடு வீடாப் போய்க் கேக்க ஏலாது, லிஸ்ட் ஒண்டும் இல்ல. ஒரு வழி, தெரிஞ்ச ரெண்டு மூண்டு பேரைப் பிடிச்சு ஆளுக்குக் கொஞ்சம் கூப்பன் குடுக்கிறது, அவங்க தங்களுக்குத் தெரிஞ்ச ஆக்களைக் கூட்டியருவாங்க, அந்த ஆக்களுக்கும் கூப்பன், அப்பிடியே சங்கிலி நீளும், ஆரு ஆரைக் கூட்டி வந்தது எண்டதை வச்சு பிறகு கணக்கை நேராக்குறது. அமெரிக்காவில சான் டியாகோவில ஷெல்டன் ஜாங் எண்டவர் இப்பிடித்தான் விசாப் பேப்பர் இல்லாத, ஸ்பானிஷ் பேசுற தொழிலாளரிட்டப் போய் 2012இல முடிவு வெளியிட்டார், 30 வீதத்துக்கு மேல கடத்தல் எண்டு சொல்லக்கூடிய அனுபவம் உள்ள ஆக்களாம். மிஸ் எங்களையே வச்சு அதைச் செய்து காட்டினா, கலர் கடதாசி வெட்டி ஆறு பேரிட்டக் குடுத்து, வீட்டில ஆராவது விசிட் விசாவில வெளிநாடு போயிருக்கிற ஆக்களை மட்டும் கூட்டியாங்க எண்டா. கொஞ்ச நேரத்தில ஹோலிட ஒரு மூலை முழுக்க கலர் கடதாசி. முன் வரிசையில டை கட்டிக்கொண்டு இருந்தவங்களிட்ட ஒரு கடதாசியும் போய்ச் சேரல்ல. இந்த முறையிட பலமும் பலவீனமும் ஒரே நேரத்தில கண்ணுக்கு முன்னால தெரிஞ்சிச்சு, ஒரு வட்டத்துக்குள்ள வடிவா சுத்தும், மற்ற வட்டத்துக்குள்ள போகவே போகாது.

மற்ற வழி லிஸ்டுகளை ஒப்பிடுறது. தம்பலகாமக் குடாவில மீனைப் பிடிச்சு அடையாளம் போட்டு விட்டிட்டு, திரும்ப வலை போடேக்க அடையாளம் போட்டது எத்தினை வருது எண்டு பாத்து மொத்தத்தைக் கணக்குப் போடுற மாதிரி எண்டு சேர் சொன்னார். பொலிஸ் லிஸ்ட், தொண்டு நிறுவன லிஸ்ட், அரசாங்க லிஸ்ட் எண்டு எடுத்து, ஒரே ஆள் எத்தினை லிஸ்டில வாறார் எண்டு பாக்கிறது. 2013இல பிரிட்டனில கண்ணுக்குத் தெரிஞ்ச ஆக்கள் 2,744, இந்த முறையில பெர்னார்ட் சில்வர்மன் போட்ட கணக்கு 10,000க்கும் 13,000க்கும் இடையில. ஆனா ஒரு லிஸ்டில இருக்கிறவரைத்தானே மற்ற லிஸ்டுக்கு அனுப்புறாங்க, தொண்டு நிறுவனம் பொலிசுக்கு ஃபோன் எடுக்கும், பொலிஸ் தொண்டு நிறுவனத்துக்கு அனுப்பும், அப்ப லிஸ்டுகள் தனித்தனியாவா இருக்கு எண்டு லோ பிள்ளை கேக்க, சேர் சந்தோஷப்பட்டுக் கை தட்டினார். அந்தச் சிக்கல் ஆராய்ச்சிக்காரருக்கு இண்டைக்கும் தலையிடிதான்.

பின்னேரம் சண்டைப் பகுதி. பாலியல் தொழிலை சட்டமாக்கினா கடத்தல் கூடுமா குறையுமா. சுவீடன் 1999இல வாங்குற ஆளைக் குற்றவாளியாக்கினது, நெதர்லாந்து 2000இல விடுதித் தடையை எடுத்தது, ஜெர்மனி 2002இல சட்டமாக்கினது, நியூசிலாந்து 2003இல குற்றப் பட்டியலில இருந்தே எடுத்தது. 2013இல சோ, ட்ரேஹர், நியூமாயர் எண்ட மூண்டு பேர் கனக்க நாடுகளை வச்சு எழுதின கட்டுரை, சட்டமா இருக்கிற நாட்டுக்குள்ள கடத்தல் கூட வருது எண்டு காட்டிச்சு, சந்தை பெருக்கிறதுதான் காரணமாம். மற்றப் பக்கம் ரொனால்ட் வைட்சர் போல ஆக்கள், இந்தத் துறையில ஒழுக்கப் பிரசாரம்தான் ஆராய்ச்சி உடுப்புப் போட்டுத் திரியுது எண்டு கனகாலமா எழுதுறாங்க. ரிப்போர்ட் கூட வாற நாட்டில கடத்தல் கூடவா, இல்ல நல்லா ரிப்போர்ட் பண்ணுறாங்களா எண்டது அவங்கட கேள்வி. ரெண்டு பேர் கதையையும் சமமா வச்சாங்க, எந்தப் பக்கமும் பிரசங்கம் பண்ணல்ல, இதுக்கு ஃபுல் மார்க்ஸ். இடையில ஒரு அங்கிள் எழும்பி நம்மட கலாசாரம் எண்டு தொடங்கினவர், மிஸ் மரியாதையா டீ டைம் எண்டிட்டா. அமெரிக்காவில எட்டு நகரங்களில இந்த சந்தையிட பருமனை அளந்து 2014இல வந்த ஆய்வும் காட்டினாங்க, அட்லாண்டாவில மட்டும் 2007இல 29 கோடி டொலராம். அதையும் சேர் விடல்ல, பேட்டி குடுத்த ஏஜென்ட்மார் பிடிபட்டுத் தண்டனை வாங்கினவங்க, கெட்டிக்காரன் வெளியில இருக்கிறான் எண்டார்.

கடைசி செஷன் குற்றத்தைப் படிப்படியா எழுதிப் பாக்கிறது. டெரெக் கோர்னிஷ் எண்டவர் 1994இல கொண்டு வந்த யோசனையாம், ஒரு குற்றத்தை நாடகம் போல காட்சி காட்சியாப் பிரிச்சு, ஒவ்வொரு காட்சியிலயும் ஆரு ஆரு மேடையில நிக்கிறாங்க, எதை நிப்பாட்டினா நாடகம் நிக்கும் எண்டு பாக்கிறது. எங்கட குரூப்பில கிண்ணியா ராத்தா, பேங்க் பொடியன், லோ பிள்ளை, நான். பெரிய பிறவுண் பேப்பரில எழுதினம். கிராமத்தில லோன் கட்ட ஏலாம இருக்கிற வீடு. அந்த வீட்டைத் தெரிஞ்ச சப் ஏஜென்ட், அநேகமா சொந்தக்காரன், இல்லாட்டி முதல் போய் வந்த பொம்பிளை. வீட்டுக்கு முற்காசு, அந்தக் காசுதான் பூட்டு, பிள்ளை பிறகு வரமாட்டன் எண்டா காசைத் திருப்பிக் கேப்பான். பாஸ்போர்ட். மெடிக்கல். விசிட் விசா. எயார்போர்ட்டில என்ன சொல்லோணும் எண்டு சொல்லிக்குடுக்கிற ஆள். அங்க இறங்கினதும் ஃபோனைப் பறிக்கிற ஆள். நான் சும்மா இருக்க ஏலாம விசாவுக்கும் எயார்போர்ட்டுக்கும் நடுவில டிக்கெட் பிரிண்ட் எடுக்கிற கடையையும் எழுதச் சொன்னன். மிஸ் வந்து பாத்திட்டு அந்த இடத்தில சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டினா. ராத்தா என்னைப் பாத்து "தம்பி, ஒங்கட கடையையும் கொண்டந்து ஏத்திட்டாங்க" எண்டு சிரிச்சா.

இதில வந்த ஓமான் கதை எல்லாருக்கும் தெரியும். 2022 நவம்பரில விசிட் விசாவில கொண்டுபோன நம்மட பொம்பிளைகள் அங்க மாட்டுப்பட்டு, விலை பேசி வித்திருக்காங்க எண்ட குற்றச்சாட்டு வந்து, மஸ்கட்டில இருந்த நம்மட தூதரக அதிகாரி ஒராளை கட்டுநாயக்கவில வச்சே பிடிச்சாங்க. ஏன் விசிட் விசாவில போறாங்க எண்ட கேள்விக்கு மிஸ் குடுத்த விளக்கம் எனக்குப் புதுசு. 2013இல குடும்பப் பின்னணி அறிக்கை எண்டு கொண்டு வந்து, அஞ்சு வயசுக்குக் குறைஞ்ச பிள்ளை இருந்தா போகேலா, சவூதிக்கு 25 வயசாகோணும் எண்டெல்லாம் கட்டுப்பாடு போட்டாங்க. நல்லதுக்குத்தான் போட்டது. ஆனா வீட்டில அரிசி இல்லாத தாய்க்குப் போகாம இருக்க ஏலாது, அப்ப பியூரோவில, அதாவது வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில, பதியாம சப் ஏஜென்ட்டிட வழியால போனாங்க. பதியாம போன ஆளுக்கு அங்க அடி விழுந்தாலும் கேக்க ஆளில்ல. 2022இல வயசை 21க்குக் குறைச்சு, பிள்ளைக்கு ரெண்டு வயசு கடந்தா போகலாம் எண்டு தளர்த்தினாங்க. வீட்டு வேலைக்குப் போன இடத்தில, பாத்துக்கொண்ட குழந்தை செத்த கேசில மரண தண்டனை கிடைச்ச மூதூர் ரிசானா நஃபீக்கின்ட பேரையும் எடுத்தாங்க. 2005இல சவூதிக்குப் போகேக்க அந்தப் பிள்ளைக்கு 17 வயசு, பாஸ்போர்ட்டில பொய்யாப் போட்ட பிறந்த வருஷம் 1982, 2013 ஜனவரி 9இல தலையை வெட்டினாங்க. கிளாசில மூதூர் ஆக்கள் இருந்தாங்க, ஒராள் எழும்பி வெளியால போயிட்டார். இந்த இடத்தில ஸ்லைட்டில அந்தப் பிள்ளையின்ட ஃபோட்டோவைப் பெருசாப் போட்டது தேவையில்லாத வேலை, ஃபீட்பேக் ஃபோர்மிலயும் எழுதிப் போட்டன்.

ஆம்பிளைப் பொடியங்களுக்கு எண்டு இருந்தது கொஞ்ச நேரம்தான். தாய்லாந்தில டேட்டா என்ட்ரி, கொம்பியூட்டர் வேலை எண்டு விளம்பரம் பாத்துப் போய் மியன்மாரில மியாவடிப் பக்கம் ஒன்லைனில ஆக்களை ஏமாத்த வைக்கிற ஸ்கேம் கேம்பில அடைபட்ட நம்மட பொடியங்கள் கதை. ஏஎல் முடிச்ச பொடியங்கள் நாலஞ்சு பேர் அதுவரைக்கும் ஃபோனை நோண்டிக்கொண்டு இருந்தவங்க, அப்பதான் நிமிர்ந்தாங்க. இதுக்குத்தான் ஒரு முழு செஷன் குடுத்திருக்கோணும், ரெய்டு கதைக்கு இல்ல.

இனி குறைகள். ஃபைலில இருந்த நோட்ஸ் முழுக்க இங்கிலீஷ். அநேகமா தமிழ் கதைக்கிற ஊரில வந்து இங்கிலீஷ் நோட்ஸ் குடுக்கிறது 3500 வாங்குற ஆக்கள் செய்யுற வேலையா? கொழும்பு சேரிட பேச்சை மொழிபெயர்த்த தம்பி பாவம், கணக்குப் பகுதி வந்ததும் அவருக்கே விளங்கல்ல, கடைசியில பேங்க் பொடியன்தான் எழும்பி விளங்கப்படுத்தினான். கிழக்கு மாகாணத்துக் கணக்கு எண்டு ஒரு ஸ்லைட் கூட இல்ல, எல்லாம் ஐரோப்பா, அமெரிக்கா. திரும்பி வந்த பொம்பிளை ஒராளைக் கூட்டி வந்து கதைக்க வைக்கல்ல எண்டு சில ஆக்கள் முறையிட்டாங்க, அதில நான் நடத்தினவங்க பக்கம், ஒரு ஹோல் நிறைய ஆக்களுக்கு முன்னால நிப்பாட்டி அழ வைக்கிறது ஆராய்ச்சியும் இல்ல, மரியாதையும் இல்ல. பியூரோவிட 1989 நம்பரை நாங்க கேட்ட பிறகுதான் போர்டில எழுதினாங்க, ஏஜென்சிக்கு லைசன்ஸ் இருக்கா எண்டு பியூரோவிட வெப்சைட்டில பாக்கலாம் எண்டதையும் நான்தான் எழும்பிச் சொன்னன். என்ட கடைச் சுவரில இப்ப ரெண்டும் ஒட்டிக்கிடக்கு, பிள்ளையளுக்கான 1929, பொம்பிளைகளுக்கான 1938 நம்பரும் சேத்து.

சாப்பாடு முதல் நாள் நல்லம், பாரை மீன் குழம்பும் கத்தரிக்காயும். ரெண்டாம் நாள் கோழி, மரக்கறிக்காரருக்கு பருப்பும் அப்பளமும் மட்டும், கோயில் விரதத்தில இருந்த அக்காமார் பாடு திண்டாட்டம். ஏசி அளவுக்கு மேல குளிர். சேர்ட்டிபிகேட்டில என்ட பேர் பிழை, மாத்தித் தாறம் எண்டு வாங்கிக்கொண்டு போனவங்க இன்னும் தரல்ல.

பத்திரிகையில எழுதிற பொடியங்கள், பெண்கள் அபிவிருத்தி வேலை பாக்கிற மிஸ்மார், கொமினிகேஷன் வச்சிருக்கிற என்னைப் போல ஆக்கள், பிள்ளையை வெளிநாட்டுக்கு அனுப்ப யோசிக்கிற தாய் தகப்பன், இவங்க கட்டாயம் போகலாம். என்ஜிஓ வேலைக்கு சேர்ட்டிபிகேட் தேடுற ஆக்கள் அந்தக் காசுக்கு இங்கிலீஷ் கிளாஸ் போங்க. மொத்தமா அஞ்சுக்கு மூண்டரை குடுக்கலாம், மிஸ்ஸிட செஷனுக்குத் தனியா மார்க்ஸ் போட விட்டா நாலே முக்கால்.

அடுத்த பட்ச் மூதூரில முழுக்க தமிழில வைக்கிறதா கதை, மிஸ்தான் ரெண்டு நாளும் எடுப்பாவாம், காசும் குறைப்பாங்களாம். அப்பிடி நடந்தா யோசிக்காமப் பதியுங்க, ஆனா நோட்ஸ் தமிழிலயா எண்டு கேட்டிட்டு காசைக் கட்டுங்க.